எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நாம்தான் வேலி

ஊர் திரும்பியதும் செய்ய வேண்டிய வேலைகள் பல. காணியைத் துப்புரவாக்கி வேலி அடைக்க வேண்டும். கிணற்றை இறைக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் பதிய வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இந்த வேலைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும்படி இக்கட்டுரை உங்களைக் கேட்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவர் இருந்தால், அவரை வைரஸ் தொற்றுகளிலிருந்து காக்க முதல் கிழமையிலேயே சில ஒழுங்குகளைச் செய்துகொள்ளுங்கள்.

நல்ல உடல்நிலை உள்ளவருக்கு ஒரு கிழமைக் காய்ச்சலாக வந்துபோகும் வருத்தம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் உயிரையே எடுக்கக்கூடும். அவர்களிற் பலருக்குத் தடுப்பூசியும் போட முடியாது, போட்டாலும் சரியாக வேலை செய்யாது. ஆகவே அவர்களின் பாதுகாப்பில் பெரும்பங்கு சுற்றியிருக்கும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

யார் இவர்கள்?

எங்கள் உடலுக்குள் கிருமிகளை இனங்கண்டு அழிக்கும் ஒரு காவல் ஒழுங்கு உண்டு. அதைத்தான் நோய் எதிர்ப்புச் சக்தி அல்லது நிர்ப்பீடனம் என்கிறோம். சிலருக்கு வருத்தத்தினாலும், சிலருக்கு அந்த வருத்தத்துக்கு எடுக்கும் மருந்தினாலும் இந்தக் காவல் தளர்ந்துபோகிறது. பின்வருவோர் கூடிய கவனத்துக்கு உரியவர்கள்:

• புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை பெறுபவர்கள், அண்மையில் பெற்று முடித்தவர்கள்.
• சிறுநீரகம் அல்லது வேறு உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து, அதற்கான குளிசைகளைத் தொடர்ந்து எடுப்பவர்கள்.
• பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் குளிசைகளைக் கூடிய அளவில் இரண்டு கிழமைக்கு மேலாக எடுப்பவர்கள். சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கும் வருத்தமுள்ள பிள்ளைகளும் மூட்டுவாத நோயாளர் சிலரும் இதில் அடங்குவர்.
• சிகிச்சை பெறாத, அல்லது சிகிச்சையை இடைநிறுத்திய எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள்.
• இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளர்கள்.
• பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகள்.

இவர்களை விடச் சற்றுக் குறைந்த அளவில், ஆனாலும் மற்றவர்களை விடக் கூடுதலாக, ஆபத்தை எதிர்நோக்குபவர்களும் உண்டு. பச்சிளங் குழந்தைகள், நிறை குறைந்து பிறந்த பிள்ளைகள், போசாக்குக் குறைந்த சிறுவர்கள், கர்ப்பிணித் தாய்மார், முதியவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோரே அவர்கள்.

பார்வைக்கு இவர்களிற் பலர் சுகதேகிகளாகவே தெரிவார்கள். வயலுக்குப் போவார்கள், கடையில் நிற்பார்கள். ஆகவே ஆளைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. என்ன மருந்து எடுக்கிறார், எந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்பதை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் திரும்பும் காலத்தில் ஏன் ஆபத்துக் கூடுகிறது?

முதலாவது காரணம் சனநெருக்கம். வீடு கட்டி முடியும் வரை இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க நேரும். தகரக் கொட்டிலுக்குள் எல்லோரும் அருகருகே படுக்கும்போது ஒருவரின் இருமல் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.

இரண்டாவது, வருவோர் போவோர். பல வருடங்களுக்குப் பிறகு வந்தவர்களைப் பார்க்க ஊரே திரண்டு வரும். மாமி, மச்சாள், பெறாமக்கள் என்று ஒவ்வொரு நாளும் ஆட்கள் வருவார்கள். அது நல்ல விடயந்தான். ஆனால் வருபவர்களோடு சேர்ந்து தடிமனும் காய்ச்சலும் வரலாம்.

மூன்றாவது, சிகிச்சை இடையில் விடுபடுவது. பழைய இடத்துக் கிளினிக்கிலிருந்து விலகி, புதிய இடத்துக் கிளினிக்கில் பதியும் வரையுள்ள நாட்களில் மருந்து முடிந்துபோகலாம்.

நான்காவது, நீரும் மலசலகூடமும். பாவனையின்றிக் கிடந்த கிணறுகளும் அவசரத்தில் வெட்டிய மலக்குழிகளும் செங்கண்மாரி போன்ற வருத்தங்களுக்கு வழிவிடும்.

இந்த ஆபத்துகளை எங்கள் சனங்கள் ஏற்கனவே கண்டிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாம்களில் பெருந்தொகையான மக்கள் நெருக்கமாகத் தங்கவைக்கப்பட்டிருந்தபோது கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் பரவின. முகாம் வாழ்க்கை முடிந்துவிட்டாலும், நெருக்கமும் நீர்ப்பிரச்சினையும் ஊர் திரும்பிய முதல் மாதங்களில் சிறிய அளவில் தொடரத்தான் செய்கின்றன.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அங்கே 'தட்டம்மை' என்று சொல்லப்படும் வருத்தத்தை இங்கே 'சின்னமுத்து' என்கிறோம். அங்கே 'சின்னம்மை' எனப்படுவது இங்கே 'கொப்புளிப்பான்'. இரண்டையும் பொதுவாக 'அம்மாள் வருத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. ஒன்றுக்குப் போட்ட தடுப்பூசி மற்றதைத் தடுக்காது. வைத்தியரிடம் பேசும்போது பெயரோடு நிறுத்தாமல், உடலில் எழும்பியவை நீர் நிறைந்த கொப்புளங்களா, இல்லாவிட்டால் சிவந்த தடிப்புகளா என்பதையும் சொல்லுங்கள்.

சின்னமுத்து: இல்லாதொழிந்தது, மீண்டும் வந்தது

இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984ஆம் ஆண்டிலிருந்து தேசிய நிகழ்ச்சித்திட்டத்தில் போடப்பட்டு வருகிறது. 2019 ஜூலையில் இலங்கை சின்னமுத்தை இல்லாதொழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆனால் 2023இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் ஆபத்துக் கூடிய 9 பகுதிகளில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு தடுப்பூசி போட வேண்டி வந்தது. அந்தப் பகுதிகளில் எமக்கு அடுத்துள்ள கல்முனையும் ஒன்று.

சின்னமுத்து மிக வேகமாகப் பரவுவது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்த வைரஸ் 2 மணித்தியாலம் வரை உயிரோடு இருக்கும். தடிப்பு எழும்புவதற்கு 4 நாள் முன்பிருந்து, எழும்பி 4 நாள் பின்பு வரை அது மற்றவர்களுக்குத் தொற்றும். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று வீட்டார் அறிவதற்கு முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். ஆகவே வருத்தம் வந்த பிறகு ஒதுங்கியிருப்பது மட்டும் போதாது. ஒரு கிராமத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பூசி பெற்றிருந்தால்தான் மிச்சமுள்ள ஐந்து பேரும் காப்பாற்றப்படுவார்கள். அந்த ஐந்து பேரில்தான் மருந்தேற்றும் நோயாளியும் ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தையும் இருக்கிறார்கள்.

எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்குச் சின்னமுத்து வந்தால் சில வேளை உடலில் தடிப்பே எழும்பாது. நேரடியாக நெஞ்சுக்குள் இறங்கி நியுமோனியாவாக மாறலாம். 'அம்மாள் போடவில்லையே' என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

தடுப்பூசி: அவருக்குப் போட முடியாது, உங்களுக்குப் போடலாம்

சில தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்யப்பட்டவை. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியும் கொப்புளிப்பான் தடுப்பூசியும் இந்த வகையைச் சேர்ந்தவை. நல்ல உடல்நிலை உள்ளவருக்கு இவை பாதுகாப்பானவை. ஆனால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவருக்குப் பலவீனப்படுத்திய வைரஸே வருத்தத்தைக் கொடுக்கலாம் என்பதால், வைத்தியர்கள் அவற்றைப் போடமாட்டார்கள்.

ஆகவே எந்த ஊசியைப் போடுவதற்கு முன்பும், 'இவர் இன்ன மருந்து எடுக்கிறார்' என்று குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் சொல்ல மறக்காதீர்கள். வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதை, குழந்தைக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுக்க முன்னரும் சொல்லுங்கள். அதற்கேற்ப என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்கள் எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். ஊசி போட்ட பிள்ளையிடமிருந்து அந்த வைரஸ் நோயாளிக்குத் தொற்றிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எம்.எம்.ஆர். அப்படித் தொற்றுவதில்லை. பிள்ளைக்கு ஊசி போடாமல் விடுவதே நோயாளிக்குப் பெரிய ஆபத்து.

இன்புளுவென்சாத் தடுப்பூசி வேறு விதமானது. ஊசியாகப் போடப்படும் அந்தத் தடுப்பு மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆகவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவரும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள்.

தடுப்பூசி அட்டைகளை எறிந்துவிடாதீர்கள்

இலங்கையில் எம்.எம்.ஆர். தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. இந்தியாவில் அரசாங்கம் போடும் ஊசி தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமானது. அது 9 மாதத்திலும் 16 மாதத்துக்கும 24 மாதத்துக்கும் இடையிலும் போடப்படுகிறது. அதில் கூகைக்கட்டுத் தடுப்பு இல்லை. ஆகவே அங்கே பிறந்து இங்கே வந்த பிள்ளைகளுக்கு எது போட்டாயிற்று, எது மிச்சம் என்பதை ஒருவர் இருந்து பார்க்க வேண்டும்.

உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதைச் செய்துகொள்ளலாம். தாய் சேய் நல அட்டை, பிறப்புச் சான்றிதழ், வைத்தியசாலைத் துண்டுகள் என எது இருந்தாலும் கொண்டுபோங்கள். அட்டை தொலைந்துபோயிருந்தாலும் வெட்கப்படாமல் போங்கள். போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் வைத்தியர் மீண்டும் ஒரு முறை போடச் சொல்லலாம். எம்.எம்.ஆர். ஊசி ஒன்று கூடுதலாகப் போடப்படுவதால் நல்ல உடல்நிலையுள்ள பிள்ளைக்குக் கேடில்லை.

பிள்ளைகளோடு நிறுத்திவிடாதீர்கள். இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்து வளர்ந்து இன்று வாலிபராக இருக்கும் பலருக்கு ஒன்றோ இரண்டோ ஊசி தவறிப்போயிருக்கலாம். நோயாளியைப் பராமரிப்பவர் அவர்களில் ஒருவர் என்றால், முதலில் பணிமனைக்குப் போக வேண்டியவர் அவர்தான்.

கொப்புளிப்பான்: வழக்கத்தில் நல்லதை வைத்துக்கொள்வோம்

கொப்புளிப்பான் தடுப்பூசி இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்கத்தின் வழமையான அட்டவணையில் இல்லை. தனியார் வைத்தியசாலைகளில் பணம் கொடுத்தே போட வேண்டும். ஆகவே எங்கள் கிராமங்களில் இந்த வருத்தம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

மட்டக்களப்பில் அம்மாள் வருத்தத்துக்கும் வழிபாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடப்பதும், குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விப்பதும் இந்தத் தொடர்பைக் காட்டுகின்றன. வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியார் உள்ளே வராமல் இருப்பது, நோயாளியைத் தனியே படுக்கவைப்பது ஆகிய வழக்கங்கள் நல்ல சுகாதார நடைமுறைகளே. அவற்றைக் கைவிட வேண்டாம்.

ஆனால் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, தண்ணீர் வார்க்கும் நாள். எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்து வெளியே விடுவதை விட, கொப்புளங்களைப் பாருங்கள். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வருத்தம் தொற்றும். அதுவரை அந்தப் பிள்ளை பாடசாலைக்கோ கோயிலுக்கோ, நோயாளி இருக்கும் வீட்டுக்கோ போகக் கூடாது. மற்றது, 'அம்மாளுக்கு மருந்து கொடுக்கக் கூடாது' என்ற எண்ணம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் விடயத்தில் இந்த எண்ணம் உயிருக்கு உலை வைக்கும். அவருக்குக் கொப்புளிப்பான் நுரையீரலையும் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். அதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் அது பலன் தரும்.

கொப்புளிப்பானும் தடிப்பு எழும்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். ஆகவே இதை நினைவில் வையுங்கள்: உங்கள் நோயாளி இருந்த அறையில் நேற்றோ முந்தநாளோ விளையாடிய பிள்ளைக்கு இன்று கொப்புளம் எழும்பியிருந்தால், நோயாளிக்கு ஒன்றும் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவருடைய கிளினிக்குக்குத் தொலைபேசியில் அறிவியுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். வருத்தம் வெளிவர 10 முதல் 21 நாள் வரை எடுக்கும். அதற்கு முன் தடுப்பு மருந்து கொடுக்க வைத்தியர்களுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். சின்னமுத்து நோயாளியோடு பழகியிருந்தாலும் இதையே செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாக வரும் அக்கியும் இதே வைரஸால் வருவதே. கொப்புளிப்பான் வராதவருக்கு அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் கொப்புளிப்பான் வரலாம். அக்கி வந்தவர் அந்த இடத்தைத் துணியால் மூடி, நோயாளியிடமிருந்து விலகியிருக்க வேண்டும்.

கொப்புளிப்பான் வந்த பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில் கொடுங்கள்.

தடிமன், இருமல், வருவோர் போவோர்

இலங்கையில் இன்புளுவென்சாக் காய்ச்சல் வருடத்தில் இரண்டு முறை கூடுகிறது. ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை. மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை, எங்கள் பகுதியில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் அதே காலம். மழைக்குக் கதவு யன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் உள்ளே இருக்கும்போது சளி வைரஸ்கள் இலகுவாகப் பரவும். கொவிட்டும் இப்படியே பரவுகிறது.

• நோயாளி படுக்கும் இடத்தை யன்னலுக்கு அருகே ஒழுங்குசெய்யுங்கள். மழை இல்லாத நேரத்தில் யன்னலைத் திறந்து வையுங்கள்.
• பார்க்க வருபவர்களை முற்றத்தில், மரநிழலில் கதிரை போட்டு இருத்துங்கள். வெளியில் காற்றோட்டம் அதிகம் என்பதால் தொற்று குறையும்.
• தடிமன், இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம் உள்ளவர் சுகமான பிறகு வரட்டும். வீட்டிலுள்ள ஒருவருக்கே தடிமன் வந்தால் அவர் முகக்கவசம் அணிந்து வேறிடத்தில் படுக்க வேண்டும்.
• வெளியே போய் வந்தவர் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். 20 வினாடியாவது தேய்த்துக் கழுவுங்கள்.
• நோயாளியைப் பராமரிக்க ஒருவரை, முடிந்தால் தடுப்பூசிகள் பூர்த்தியானவரை, நியமித்துக்கொள்ளுங்கள்.
• திருமணவீடு, செத்தவீடு, திருவிழா, பள்ளிவாசல், தேவாலயம் என எங்கும் சனம் நிறையும் நேரத்தைத் தவிர்த்து, முன்னதாகவோ பின்னதாகவோ போய்வர ஒழுங்குசெய்யுங்கள்.

வந்தவர்களிடம் 'உள்ளே வராதீர்கள்' என்று சொல்வது எங்களுக்குக் கடினம். 'டொக்டர் சொல்லியிருக்கிறார், கொஞ்ச நாளைக்கு முற்றத்திலிருந்து கதைப்போம்' என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் விளங்கிக்கொள்வார்கள். இதை நோயாளி சொல்வதை விட வீட்டுக்குப் பெரியவர், அப்பாவோ பெத்தாவோ, சொல்வது நல்லது.

கிணறும் செங்கண்மாரியும்

செங்கண்மாரியில் ஒரு வகை, மலத்தில் வெளியேறும் வைரஸ் நீரிலும் உணவிலும் கலப்பதால் வருவது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் நிலம் பெரும்பாலும் மணல். நிலத்தடி நீர் மேலாகவே கிடைக்கும். மழைக்காலத்தில் அது இன்னும் உயரும். மலக்குழியின் கழிவு மணலூடாகக் கிணற்றுக்கு வந்து சேர அதிக நேரம் எடுக்காது. ஏற்கனவே ஈரல் பாதிக்கப்பட்டவருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் இந்த வருத்தம் கடுமையாக இருக்கும்.

பாவனையின்றிக் கிடந்த கிணற்றை இறைத்துச் சுத்தமாக்கிய பின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவியுங்கள். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். இடத்தைத் தெரிவுசெய்வதற்கு முன்பு அவரிடமே கேளுங்கள், தோண்டிய பிறகு மாற்றுவது செலவு. வெள்ளம் வடிந்த ஒவ்வொரு முறையும் கிணற்றுக்கு மீண்டும் குளோரின் இட வேண்டும்.

நோயாளிக்குக் குடிக்கக் கொதித்தாறிய நீர் மட்டுமே கொடுங்கள். நீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், சூடானால் மட்டும் போதாது. ஆறிய நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, பிடியுள்ள கோப்பையால் அள்ளுங்கள். உணவைச் சூட்டோடு கொடுங்கள். முதல்நாள் கறியையும், மூடாமல் விற்கும் வெட்டிய பழங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

டெங்கு ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது, நுளம்பால் பரவும். ஆளில்லாமல் கிடந்த காணியில் சிரட்டை, ரயர், உடைந்த பானை, பாவிக்காத தொட்டி என நீர் தேங்கும் இடங்கள் நிறைய இருக்கும். துப்புரவு வேலையில் அவற்றை முதலில் அகற்றுங்கள். நோயாளி பகலில் படுக்கும்போதும் நுளம்பு வலை போடுங்கள்.

மருந்தை விட்டுவிடாதீர்கள், கிளினிக்கை மாற்றிக்கொள்ளுங்கள்

'இந்த மருந்தால்தானே எதிர்ப்புச் சக்தி குறைகிறது, கொஞ்ச நாளைக்கு நிறுத்துவோம்' என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். ஸ்டீரொய்ட் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் உயிராபத்து ஏற்படலாம். மாற்றிய சிறுநீரகம் மருந்தில்லாவிட்டால் பழுதாகிவிடும். எச்.ஐ.வி. மருந்தை இடைநிறுத்தினால் எதிர்ப்புச் சக்தி இன்னும் கீழே போகும்.

ஊருக்குப் புறப்படும்போதே ஒரு மாதத்துக்கான மருந்தையும், நோய் நிர்ணய அட்டையையும், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு எடுத்து வாருங்கள். வந்து சேர்ந்தவர்கள் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் உடனே பதியுங்கள். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. விசேட சிகிச்சைகளுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இந்தியாவில் வாங்கிய மருந்தின் பெயர் இங்கே வேறாக இருக்கலாம். வெறும் பெட்டியையோ குளிசை அட்டையையோ எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

படுவான்கரையில் இருப்பவர்கள் மழைக்காலத்தை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துப் பயணம் இலகுவாகிவிட்டது. ஆனாலும் வெள்ளம் வரும்போது கிரான் போன்ற இடங்களில் வீதி நீரில் மூழ்கி, ஊர்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்படுவது உண்டு. ஒக்டோபர் முடிவதற்குள் மருந்தைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். இரத்தச் சுத்திகரிப்புக்கோ மருந்தேற்றவோ குறித்த நாளில் போக வேண்டியவர் என்றால், மழை கடுமையான கிழமைகளில் எழுவான்கரையிலுள்ள உறவினர் வீட்டில் தங்கவைப்பது பற்றி இப்போதே பேசி முடிவெடுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குப் பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்று தோன்றினால், இரவு என்றும் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்:

• காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற், அல்லது அதற்கு மேல். புற்றுநோய் மருந்தேற்றுபவருக்கு இது மிக அவசரம்.
• மூச்சு வாங்குதல், நெஞ்சு நோ.
• கொப்புளமோ தடிப்போ எழும்புதல்.
• கண் மஞ்சளாதல், சிறுநீர் கடும் நிறமாதல்.
• மயக்கம், தடுமாற்றம், எழுப்பினால் எழும்பாத நித்திரை.
• தொடர்ந்து வாந்தி அல்லது வயிற்றோட்டம்.

பரசிற்றமோலைக் கொடுத்து விடியும் வரை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். சிலருக்குக் காய்ச்சல் பெரிதாகக் காயவும் மாட்டாது. 'ஆள் வழமை போல இல்லை' என்று உங்களுக்குப் பட்டாலே போதும். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. வைத்தியசாலை வாசலிலேயே 'இவர் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், இந்த மருந்து எடுக்கிறார்' என்று சொல்லுங்கள். தடிப்போ கொப்புளமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் மற்ற நோயாளிகளிடமிருந்து தனியே இருத்த அது உதவும்.

காப்பது வேறு, ஒதுக்குவது வேறு

நோயாளியைக் காக்கிறோம் என்று அவரை ஒரு மூலையில் விட்டுவிடுவதும் நடக்கிறது. அது அவருடைய மனதை உடைக்கும். வெறுத்துப்போனவர் சாப்பாட்டையும் மருந்தையும் விட்டுவிடுவார். முற்றத்தில் எல்லோரோடும் இருந்து கதைக்கட்டும். முடிந்த வேலையைச் செய்யட்டும். எந்த விருந்துக்குப் போவது, யாரைச் சந்திப்பது என்ற முடிவுகளில் அவருடைய சொல்லுக்கும் இடம் கொடுங்கள்.

அவருடைய வருத்தத்தின் பெயர் அவருக்குரியது. எச்.ஐ.வி. என்றாலும் புற்றுநோய் என்றாலும், அயலவருக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. 'இவருக்குத் தொற்று வந்தால் தாங்காது' என்ற ஒரு வசனம் போதும்.

இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான் வருத்தத்தைக் கொண்டுவருகிறார்கள் என்று ஊரில் யாராவது பேசினால் மனம் நோகும். அந்தப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையின் கொப்புளத்தை மறைத்தால், அடுத்த வீட்டு நோயாளி தன்னைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பை இழந்துவிடுவார். வருத்தம் வந்தால் குடும்பநல உத்தியோகத்தருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ அறிவியுங்கள். வருத்தம் வந்ததற்காக எவரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தக் கிழமைக்குள் செய்ய வேண்டியவை

1. வீட்டிலும் அயலிலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.
2. எல்லோருடைய தடுப்பூசி அட்டைகளையும் ஒரே உறையில் போட்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோங்கள்.
3. நோயாளியின் மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். புதிய கிளினிக்கில் பதியுங்கள்.
4. கிளினிக்கின் தொலைபேசி இலக்கத்தையும் 1990 என்பதையும் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.
5. கிணற்றுக்குக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாள் கேளுங்கள்.
6. ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். பார்க்கத் தெரிந்தவர் வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.
7. வெள்ளமோ அவசரமோ வந்தால் நோயாளியை யார் கொண்டுபோவது, எங்கே தங்கவைப்பது என்று இன்றிரவே குடும்பமாக இருந்து பேசுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. இவற்றிற் பலவற்றை உங்கள் நோயாளியால் தனியே செய்துகொள்ளவும் முடியாது. அவருக்காக நீங்கள்தான் செய்ய வேண்டும்.